சர்க்கரை சரியாத்தானே இருக்கு?

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி, பேசியதை ஒட்டியே எழுதித் தந்திருக்கிறேன்.)



சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட தலைப்போ சிறுநீர்! செயலாளர் தயங்கினார். "சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சுக்கலாமே" என்றார். சாப்பாட்டுக்கு அப்புறம் பேசினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், முன்னாடியே பேசிவிடுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பொறுத்தருள வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. இங்கே வேதியியல் படித்தேன். பிறகு ஆய்வகப் பயிற்சி முடித்து, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருஷத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தினேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நாலு பேர் வெறும் வயிற்றோடு நிற்பார்கள். "சீக்கிரம் எடுங்க சார், காபி குடிக்கணும்" என்பார்கள். அப்படிச் சர்க்கரை பார்த்துப் பார்த்தே என் தலை நரைத்தது. ஆகவே நான் சொல்லப்போவது மருத்துவ ஆலோசனை இல்லை. ஒரு பரிசோதனைக்காரன் தன் நெஞ்சில் இருப்பதை இறக்கி வைக்கிறான், அவ்வளவுதான்.

வராத நண்பன்

எங்கள் வகுப்பில் ஒருவன் இன்று வரவில்லை. அந்தக் காலத்து மீட்டர் கேஜ் பாசஞ்சரில் நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறுவேன், அவன் புதுச்சத்திரத்தில் ஏறுவான். பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம் வருவதற்குள் என் டிபன் பாக்ஸ் காலியாகிவிடும். படித்து முடித்து அவன் பள்ளி ஆசிரியர் ஆனான். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. மாதம் தவறாமல் என்னிடம்தான் வருவான். ரத்தம் எடுப்பேன், ரிப்போர்ட் தருவேன், காசு வாங்கமாட்டேன், டீ வாங்கித் தருவான்.

பதினைந்து வருஷம் இப்படியே போனது. ஒரு நாள் சிரித்த முகத்தோடு வந்தான். "டேய், மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டாங்கடா. சுகர் இறங்கிட்டே போகுது. நான் ஜெயிச்சுட்டேன்" என்றான். நானும் கை குலுக்கினேன். அன்றைக்கு டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

ஆறு மாதம் கழித்துக் கால் வீங்கி வந்தான். அன்றுதான் அவனுக்கு முதல் தடவையாகக் கிரியாட்டினின் பார்த்தேன். ஆறுக்கு மேல் இருந்தது. இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று மறுபடியும் போட்டேன். அதே அளவுதான் வந்தது.

சர்க்கரை ஏன் இறங்கியது தெரியுமா? இன்சுலினை உடைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சர்க்கரை மாத்திரைகள் சிலவற்றை வெளியே தள்ளுவதும் அதுதான். சிறுநீரகம் படுத்துவிட்டால் இரண்டும் உடம்பிலேயே தங்கிவிடும், சர்க்கரை தானாக இறங்கும். நாங்கள் கை குலுக்கிக் கொண்டாடியது அவன் கிட்னி தோற்றுக்கொண்டிருந்ததைத்தான்.

பதினைந்து வருஷத்தில் அவனுக்கு நூற்றைம்பது தடவைக்கு மேல் சர்க்கரை பார்த்திருக்கிறேன். சிறுநீரில் அல்புமின் எத்தனை தடவை பார்த்தேன்? ஒரு தடவைகூட இல்லை. அவன் பார்த்த டாக்டர் எழுதித் தரவில்லை, அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. வருகிற சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்வதுதான் நம் வேலை என்று இருந்துவிட்டேன்.

செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு டயாலிசிஸ். தடவைக்கு நான்கு மணி நேரம். இன்று சனிக்கிழமை. அதனால்தான் அவன் இங்கே இல்லை. நேற்று போனில், "என் பேரைச் சொல்லாதே, கதையைச் சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன்.

சத்தம் போடாத உறுப்பு

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக வெளியே விட்டு, மீதியை உடம்புக்கே திருப்பித் தருகின்றன. நம் வீட்டுக் காபி வடிகட்டியில் டிகாஷன் இறங்கும், தூள் மேலேயே நிற்கும் அல்லவா? அதுபோலக் கழிவு இறங்கும், அல்புமின் என்கிற புரதம் ரத்தத்திலேயே நிற்கும்.

சர்க்கரை கூடினால் முதலில் வடிகட்டிக்குள் அழுத்தம் கூடுகிறது. ஆரம்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வேலை செய்யும். வண்டிக்காரன் அடிக்கிறான் என்று மாடு ஓடுகிற ஓட்டம் அது, தெம்பில் ஓடுவது இல்லை. வருஷக்கணக்கில் இப்படி ஓடினால் வடிகட்டியின் சுவர் தடித்து, கண்ணிகள் கெடும். அப்போது அல்புமின் துளித்துளியாகக் கசிய ஆரம்பிக்கும்.

இந்தக் கட்டத்தில் உடம்பு ஒன்றுமே சொல்லாது. வலிக்காது, எரியாது, வீங்காது. சிறுநீர் நுரைக்கிறது, கால் வீங்குகிறது, பசி இல்லை, மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் நோய் நன்றாக முற்றிய பிறகு வருகிற அடையாளங்கள். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு திரிகிற காலம் ஒன்று இருக்கிறதே, நாம் பிடிக்க வேண்டியது அந்தக் காலத்தைத்தான். அப்போது பிடித்தால் கசிவைக் குறைக்கலாம், பல பேருக்கு நிறுத்தியே விடலாம்.

எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்? சென்னையில் நடந்த கியூர்ஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2007-ல் வெளிவந்தது. சர்க்கரை உள்ளவர்களில் 26.9 சதவீதம் பேருக்கு இந்தச் சிறு கசிவு இருந்தது. முற்றிய சிறுநீரக நோய் இருந்தது 2.2 சதவீதம் பேருக்கு. அதாவது ஒருவர் முற்றிய நிலையில் இருக்க, பன்னிரண்டு பேர் தெரியாமல் வாசலில் நிற்கிறார்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது என்று மதிப்பிட்டது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கரண்டியிலிருந்து கருவி வரை

1827-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டிச் சூடாக்கிப் பார்த்தார். முட்டை வெள்ளை போலத் திரிந்தால் சிறுநீரக நோய் என்று கண்டுகொண்டார். நம் ஆய்வகத்தில் டெஸ்ட் டியூபைச் சாய்த்துப் பிடித்துக் காய்ச்சினோமே, அதற்கு மூதாதை அந்தக் கரண்டிதான்!

ஆனால் திரிகிற அளவுக்கு அல்புமின் வந்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். அதே கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹாரி கீன் 1963-ல் மிகச் சிறிய அளவையும் அளக்கும் முறையை வெளியிட்டார். 1982-ல் வைபர்ட்டி குழுவினரும், 1984-ல் டென்மார்க்கின் மோகன்சனும், இந்தச் சிறு கசிவு உள்ளவர்களுக்குத்தான் பின்னாளில் பெரிய சிறுநீரக நோய் வருகிறது என்று காட்டினார்கள். மோகன்சன் சொன்ன இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கசிவு இருந்தவர்கள் அதிகமாகவும் சீக்கிரமாகவும் இறந்தார்கள். இதயத்துக்கும் இதுவே எச்சரிக்கை மணி.

கேட்டு வாங்க வேண்டிய இரண்டு

சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இரண்டு.

முதலாவது, சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். ஏசிஆர் என்று சீட்டில் எழுதுவார்கள். காலையில் முதலில் கழிக்கும் சிறுநீர் கொஞ்சம் போதும். 24 மணி நேரம் கேனில் பிடித்துச் சுமந்து வரத் தேவையில்லை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு. 300-க்கு மேல் போனால் பெரிய கசிவு.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சாதாரண யூரின் டெஸ்ட் எடுத்து, 'அல்புமின்: நில்' என்று வந்ததும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சாதாரணக் குச்சிப் பரிசோதனைக்கு ஆரம்பக் கசிவு பெரும்பாலும் கண்ணில் படாது. 'நில்' என்றால் பெரிய கசிவு இல்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, முந்தின நாள் கடும் உடற்பயிற்சி, சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருப்பது – இந்த நேரங்களில் அளவு பொய்யாகக் கூடும். ஒரு தடவை கூடுதலாக வந்தால் நடுங்க வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, அதில் இரண்டு தடவை கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

இரண்டாவது, ரத்தத்தில் கிரியாட்டினின். அதைப் பார்த்தால் மட்டும் போதாது, அதிலிருந்து வடிகட்டும் திறனைக் கணக்கிட வேண்டும். இ-ஜிஎஃப்ஆர் என்பார்கள். ஏன் கணக்கு? 1.1 என்று ரிப்போர்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வயது வாலிபனுக்கு 1.1 என்றால் இன்றைய சூத்திரப்படி திறன் சுமார் 95. அதே 1.1 ஒரு 60 வயது அம்மாவுக்கு வந்தால் திறன் 57 போலத்தான். 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். இருவர் ரிப்போர்ட்டிலும் 'நார்மல்' என்றே அச்சாகியிருக்கலாம்! திறன் பாதி போகும் வரைக்கும்கூட கிரியாட்டினின் நல்ல பிள்ளை போல இருப்பது உண்டு.

இரண்டில் ஒன்று போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சிலருக்குக் கசிவு இருக்கும், திறன் குறையாது. சிலருக்குத் திறன் குறையும், கசிவே இருக்காது. இரண்டையும் பார்த்தால்தான் முழுப் படம் தெரியும்.

எப்போது தொடங்குவது? நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரையில், நோய் கண்டுபிடித்த அன்றே. ஏனென்றால் அது எத்தனை வருஷம் முன்பே உள்ளே வந்து உட்கார்ந்ததோ, யாருக்குத் தெரியும்? சிறு வயதில் வரும் முதல் வகையில், நோய் வந்து ஐந்து வருஷத்திலிருந்து.

கண்டுபிடித்துவிட்டால்?

"தெரிஞ்சு என்ன பண்றது, வீண் கவலைதானே" என்று என்னிடம் பல பேர் கேட்டதுண்டு. முப்பது வருஷத்துக்கு முன் அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்று இல்லை.

ரத்த அழுத்தத்துக்குத் தருகிற மருந்துகளில் ஒரு குடும்பம் சிறுநீரகத்தையும் காக்கிறது. கேப்டோபிரில் முதல் வகைச் சர்க்கரையில் அப்படிக் காப்பதை 1993-ல் காட்டினார்கள். இரண்டாம் வகையில் லோசார்டான், இர்பிசார்டான் மருந்துகளுக்கு 2001-ல் நிரூபணம் வந்தது. அடுத்து, சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள். 2019, 2020-ல் வந்த பெரிய ஆய்வுகள், இவை சிறுநீரகம் பழுதடைவதை மெதுவாக்குகின்றன என்று காட்டின. அவற்றில் டாபாகிளிஃப்ளோசினுக்கு 2020 அக்டோபரில் இந்தியாவில் காப்புரிமை முடிந்து விலை நன்றாக இறங்கியது. இவையெல்லாம் டாக்டர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாதவை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று வாங்கிவிடாதீர்கள்.

நம் கையில் இருப்பதும் கொஞ்சம் இல்லை. ரத்த அழுத்தத்தை 130-க்கு 80-ஐ ஒட்டி வைத்துக்கொள்வது. பீடி, சிகரெட்டை விடுவது. உப்பைக் குறைப்பது. கடலூர்க்காரனிடம் கருவாட்டை விடு என்று சொன்னால் சண்டைக்கு வருவான், தெரியும். நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்றால் கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே தட்டில் உட்கார முடியாது. ஒன்றை எழுப்பி அனுப்புங்கள்.

முக்கியமாக, மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை. நாற்று நட்டுவிட்டு வந்து இடுப்பு வலிக்கிறது என்று தினம் இரண்டு போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. என்ன சேர்த்தது என்று தெரியாத பொடி, பஸ்பம், "சர்க்கரை அடியோடு போகும்" என்று விற்கும் மருந்து, இவற்றையும் தள்ளி வையுங்கள்.

டெஸ்ட் டியூப் ஏந்திய பெண்கள்

இதெல்லாம் பட்டணத்துக்கும் காசு உள்ளவர்களுக்கும்தான் என்று நினைக்காதீர்கள். நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது.

சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி. 1991-ல் பத்மபூஷண் பெற்றவர். எத்தனை டயாலிசிஸ் இயந்திரம் வாங்கினாலும் நம் ஏழைகளுக்குப் போதாது, நோய் முற்றாமல் தடுப்பதுதான் வழி என்று அவர் கருதினார். கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மூலம் 1990களில் சென்னைக்கு அருகேயுள்ள கிராமங்களில், சுமார் 25,000 மக்களிடையே ஒரு திட்டம் தொடங்கினார்.

அவர் அனுப்பியது டாக்டர்களை அல்ல. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசல், புரதத்துக்கு சல்போசாலிசிலிக் அமிலம். அமிலத்தைச் சில துளி விட்டால் புரதம் இருக்கிற சிறுநீர் வெள்ளையாகக் கலங்கும். வேதியியல் நண்பர்களே, இவை இரண்டும் நாம் ஆய்வகத்தில் செய்தவைதானே! சந்தேகம் உள்ளவர்களை மட்டும் டாக்டர் பார்த்தார். மருந்துகளும் விலை குறைந்த பழைய மருந்துகள்தான் – மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைட், ரிசர்பைன், தயாசைடு போன்றவை.

செலவு எவ்வளவு? அந்த மக்கள்தொகைக்கு வகுத்தால் தலைக்கு ஆண்டுக்கு 27 அமெரிக்க சென்ட். ஒரு டீக் காசு! 2003-ல் சர்வதேச சிறுநீரக மருத்துவ இதழில் இது வெளியானது. பிறகு, திட்டம் நடந்த ஊர்களையும் நடக்காத ஊர்களையும் ஒப்பிட்டபோது, சிறுநீரகத் திறன் குறைந்தவர்கள் நடக்காத இடத்தில் ஆயிரத்துக்கு 14 பேர் போலவும், நடந்த இடத்தில் 9 பேர் போலவும் இருந்தார்கள். அமிலப் பரிசோதனை ஆரம்பக் கசிவைக் காட்டாது என்பது உண்மை. அந்த எளிய முறையே இவ்வளவு செய்தது என்றால், இன்றைய பரிசோதனையும் இன்றைய மருந்தும் சேர்ந்தால் எவ்வளவு செய்யும்?

நாம் என்ன செய்யலாம்?

இன்று வழி திறந்தே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023-ல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே சிறுநீரில் புரதம் பார்க்கத் தொடங்கினார்கள். அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இன்று அரசு மருத்துவக் கல்லூரி. குறை என்னவென்றால், மாத்திரை வாங்குகிறவர் இந்தப் பரிசோதனையைக் கேட்பதில்லை. கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகிறார்கள். போகிற கிராமத்தில் சர்க்கரை உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கட்டும்: "சிறுநீரில் அல்புமினும், ரத்தத்தில் கிரியாட்டினினும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" பார்க்காதவருக்கு ஒரு சிறு அட்டையில் அந்த இரண்டையும் எழுதிக் கொடுத்து, சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். மாணவர்கள் மருந்து சொல்ல வேண்டாம், மருத்துவம் பார்க்க வேண்டாம். கேட்டால் போதும். அட்டை அச்சடிக்கிற செலவை எங்கள் வகுப்பு ஏற்றுக்கொள்கிறது. நான் இன்னும் யாரையும் கேட்கவில்லை. இங்கேயே கேட்கிறேன், மறுப்பவர்கள் எழுந்து நிற்கலாம். (சிரிப்பு.) யாரும் நிற்கவில்லை. நன்றி.

மாணவச் செல்வங்களுக்குத் தனியாக ஒன்று. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியின் மருத்துவ ஃபைலை எடுத்துப் பாருங்கள். துணிக்கடைப் பையில், அரிசி டப்பா பக்கத்தில் எங்காவது இருக்கும். சர்க்கரை ரிப்போர்ட் கட்டுக்கட்டாக இருக்கும். அதில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் அடுத்த தடவை நீங்களே உடன் போய்க் கேளுங்கள். "சர்க்கரை சரியாத்தானே இருக்கு" என்று அவர்கள் சொல்வார்கள். என் நண்பனும் அதைத்தான் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

நான் இங்கிருந்து நேராக அவனைப் பார்க்கத்தான் போகிறேன். நாலு மணிக்கு அவனுக்கு டயாலிசிஸ் முடியும். உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று அவனிடம் சொல்வேன். சாப்பாடு ஆறுகிறது, இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.